எங்கே என்று கேட்காத பஸ்

சேசு மரி சூசை துணை

பொரளை, கொழும்பு.
1-10-1955, சனிக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு, மகள் இமக்குலேற் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்பது கடித முறை. ஆனால் நீங்கள் காய்ச்சலோடு படுத்திருந்தாலும் "ஆண்டவர் கிருபையால் சுகம்" என்றுதான் எழுதுவீர்கள். ஆகையால் அதை அம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். என் கடிதம் வந்தால் வேலியடியில் நின்று உரத்து வாசிப்பது உங்கள் வழக்கம். அதைக் கேட்க ஹவ்வா உம்மா அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் வந்து நிற்பார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் வீட்டுக்குள் இருந்து, வாய்க்குள் வாசியுங்கள். காரணம் வாசிக்கும்போது விளங்கும்.

பதினான்காம் திகதி நடக்கும் பட்டமளிப்பு விழாவுக்கு "வேளாண்மை வெட்டு இருப்பதால் வர ஏலாது, மனம் நோக வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, நான் நாலு வருடம் கொழும்பில் படித்தவள்தான். ஆனால் ஒக்டோபர் மாதத்தில் நம் நாவிதன்வெளியில் ஒருவரும் நெல் அறுத்து வேளாண்மை வெட்டுவதில்லை, விதைப்புக்கு மழை பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதை மறந்துபோகும் அளவுக்கு நான் படிக்கவில்லை. அம்மாவும் நீங்கள் வந்தால்தான் வருவாராம். என்னிடம் இரண்டு அழைப்புச் சீட்டுகள் இருக்கின்றன. பக்கத்து அறை அருள்ராணிக்கு வீட்டிலிருந்து ஏழு பேர் வருகிறார்கள். "உன் வீட்டில் வராவிட்டால் அந்த இரண்டையும் எனக்குத் தாவேன்" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சீட்டுகளை ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன் என அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் இரக்கப்பட்டு என்னோடு சேர்ந்து தேடுகிறாள். நேற்று கட்டிலைக்கூடப் புரட்டிப் பார்த்தாள். இது இப்படியே போனால் பட்டம் வாங்குமுன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டிவரும்.

உங்கள் மனத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று போன புதன்கிழமை புறக்கோட்டைக்கு, அபூசாலி காக்காவின் சாரன் கடைக்குப் போனேன். உங்களுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி என்பதால் அவர் சொன்னால் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, "அண்ணன் வரமாட்டார் புள்ள. போன மாசியில பட்ட பாடு காணும் அவருக்கு" என்றார். "மாசியில அப்பா வரல்லயே காக்கா" என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கையிலிருந்த சாரனை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "சொல்லக்கூடா எண்டு என்னிட்ட சத்தியம் வாங்கினவர். இப்ப நீயே புடுங்கி எடுத்திட்டா. இனி நான் என்ன செய்யிற? இரி, தேத்தண்ணி குடி" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்க வேண்டாம். நான் அழாமல் கேட்டேன். அவர்தான் சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளிக்கிடுகிற ஒருவரை "எங்க போற?" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவர்கள் "தூரமா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். இது மூடநம்பிக்கை என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போது நீங்கள் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவீர்கள். பூசை முடிந்து வாசலில் அவரே "எங்கே போகிறீர் தேவராசா?" என்று கேட்டுவிட்டால், மறுபடி கோயிலுக்குள் போய் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வருவீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கொழும்பில் பஸ் கொண்டக்டர் என்று ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கு எங்கே என்று கேட்பதற்குத்தான் சம்பளம் என்பதை நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் பிழை.

மாசி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்த நினைத்து, எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோட்டை ஸ்ரேசனில் இறங்கி, பொரளை பஸ்ஸில் ஒரு காலை வைத்தீர்களாம். "எங்க ஐயா?" என்றானாம் கொண்டக்டர். நீங்கள் வைத்த காலை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் போய் இருந்து தண்ணீர் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் தண்ணீரோடு ஒரு தட்டு நிறைய வடை, வாய்ப்பன், பணிஸ் எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒருவர் முன்னால் வைத்ததை மிச்சம் விட்டெழும்பினால் அந்த வீட்டாரை அவமதித்தது போலாகும் என்பது உங்கள் எண்ணம். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனீர்கள். அந்தக் கொண்டக்டர் சிங்களத்தில் "கொஹாட்டத?" என்றானாம். எந்தப் பாஷையில் கேட்டாலும் எங்கே என்பது எங்கேதானே. திரும்பவும் கடை, திரும்பவும் தண்ணீர், திரும்பவும் தட்டு. இப்படி ஐந்து பஸ். ஐந்தாவது பஸ்ஸில் கொண்டக்டர் வாயே திறக்கவில்லை, நாடியை மட்டும் மேலே தூக்கினானாம். நாடியைத் தூக்குவது கேள்வியில் சேருமா சேராதா என்று படியில் நின்று யோசித்து, எதற்கும் பாதுகாப்பு என்று இறங்கிவிட்டீர்களாம். அதற்குள் கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் தட்டை நிரப்பப் பழகிவிட்டார். பின்னேரம் அந்தப் பக்கமாக வந்த அபூசாலி காக்கா உங்களைக் கண்டபோது, மேசையில் ஐந்தாவது தட்டு, மடியில் தயிர்ச் சட்டி, நெற்றியெல்லாம் வேர்வை. "அண்ணன், என்ன இது?" என்று கேட்டதற்கு, "இந்த ஊர் ஆக்கள் நல்ல ஆக்கள்தான் அபூசாலி. ஆனா சாப்பாடு குடுத்தே கொன்றுபோடுவானுகள் போல இரிக்கி" என்றீர்களாம்.

அவர்தான் உங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, "பொரளை ரெண்டு. பின்னால வாற மனிசனிட்ட வாயத் துறந்திராத தம்பி" என்று கொண்டக்டரிடம் சொல்லி, உங்களை விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அப்போது மணி ஆறு பத்து. ஆறு மணிக்கு மதர் வாசலைப் பூட்டிவிடுவார். காவற்காரனிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பான். நீங்கள் "புள்ள படிச்சிக்கொண்டிருப்பா, குழப்பாத" என்று சொல்லிவிட்டு, சட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, அன்றைய வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டீர்கள். மாடியில் ஒரு பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாளாம். அது நான்தான் என்று தீர்மானித்துக்கொண்டு, அம்மாவிடம் போய் "புள்ளையக் கண்டன், கொஞ்சம் மெலிஞ்சித்தா, மற்றப்படி சுகமா இரிக்கா" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துணி எடுத்த பெண் யாரென்று நான் விசாரிக்கவில்லை. அது நானாகவே இருக்கட்டும். தயிர்ச் சட்டி என் கைக்கு வந்தபோது ஐந்து பஸ் ஏறி இறங்கி மோராகிவிட்டிருந்தது. காவற்காரனுக்குத் தெரிந்தவர் அபூசாலி காக்கா மட்டும்தான், ஆகையால் அவர் அனுப்பியது என்று நினைத்து அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். அதற்கு அவர் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

இதையெல்லாம் உங்களை வெட்கப்படுத்த எழுதவில்லை. என் மகள் படித்தவள், அவளுக்கு இதெல்லாம் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்றுதானே விழாவுக்கு வராமல் ஒளிக்கிறீர்கள்? ஆகையால் நான் நாலு வருடமாக உங்களுக்கு எழுதாமல் ஒளித்ததை இப்போது எழுதுகிறேன். "பசிக்கும்போது நல்ல கடையில் சாப்பிடுகிறேன், எல்லா இடத்துக்கும் தனியாகப் போய் வருகிறேன்" என்று நான் எழுதியதெல்லாம் நீங்கள் எழுதிய வேளாண்மை வெட்டு மாதிரித்தான். வந்த முதல் மாதம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பெண்கள் இருப்பதற்குத் திரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தேன். பரிமாறுகிறவர் வரவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. வெளியே சாப்பிட்டு எழும்பிப் போகிற ஆட்களின் கால்களைத் திரைக்குக் கீழே பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்தேன். கடைசியில் தரை கூட்ட வந்தவர் திரையை விலக்கி, என்னைக் கண்டு பயந்து கத்திவிட்டார். பயந்த குற்றத்துக்குப் பரிகாரமாகத் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். நான் உங்கள் மகள். பதினொரு பலகாரத்தையும் சாப்பிட்டேன். பன்னிரண்டாவதாக ஒரு பணிஸ் இருந்தது. அதையும் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டேன், மிச்சம் விட்டதாக இருக்கக்கூடாதென்று.

ஆகவே அப்பா, தட்டு வந்தால் பயப்பட வேண்டாம். அது விருந்தல்ல. ஒன்றோ இரண்டோ எடுத்தால் எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மற்றவை அடுத்த மேசைக்குப் போகும். இங்கே முழுவதையும் சாப்பிட்டால்தான் அடுத்த மேசைக்காரர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். காலையில் இடியப்பம் சாப்பிடுங்கள். இடியப்பத்துக்குத்தான் காசு, சொதியும் சம்பலும் கேட்கக் கேட்கத் தருவார்கள். நான் கேட்கமாட்டேன் என்பதால் எனக்கு ஒருதரம்தான் தருவார்கள், உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோதுமைப் பாண் வாங்கினால் பருப்புக்கறி ஒரு கரண்டி சும்மா கிடைக்கும். ஆனால் மத்தியானத்துக்கு முன் போக வேண்டும், பிறகு போனால் சட்டியைக் கழுவின தண்ணீரைத்தான் பருப்பு என்பார்கள். சோறென்றால் அபூசாலி காக்காவின் கடைக்குப் பின்னால் நம் பக்கத்து ஆட்கள் நடத்தும் கடை ஒன்று உண்டு. அங்கே மீன்குழம்பு நம் வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். பொரளைக்கு வரும் பஸ்ஸுக்குத் தலையில் இரண்டு கொம்பு இருக்கும், அது மேலே ஓடும் மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும். வழி தவறினால் அந்தக் கம்பிக்குக் கீழே நடந்தால் போதும், வாய்க்கால் கட்டால் நடந்தால் வயலுக்குப் போய்ச் சேருவது போல. ஆனால் வாய்க்கால் பிரிவது போலக் கம்பியும் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒருநாள் பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தபோது நான் பிழையான கிளையில் போய், பஸ்களையெல்லாம் கழுவி நிறுத்தும் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வழி தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பஸ் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மிகவும் சந்தோஷப்பட்டு, கால் மணி நேரம் ஒவ்வொரு பஸ்ஸாகக் காட்டினார்கள். ஏறுவது இப்படி என்றால், இறங்குவது எனக்கு இன்னும் பெரிய பாடு. இறங்கும் இடம் வந்ததும் மணியடிக்க வேண்டும், அல்லது சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் என் குரல் எழும்புவதில்லை. என்னுடைய பஸ் தரிப்பில் இறங்குகிற ஒரு பெரியவர் இருக்கிறார், கறுப்புக் குடை வைத்திருப்பார். அவர் மணியடிப்பார், அவருக்குப் பின்னால் நானும் இறங்குவேன். போன வருடம் அவருக்கு ஒரு கிழமை காய்ச்சல் போலிருக்கிறது, ஏழு நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் நான் கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி நடந்து வந்தேன். அவருக்குச் சுகமாக வேண்டும் என்று நவநாள் செபம்கூடச் செய்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது.

கொண்டக்டர் விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். படியில் கால் வைக்குமுன்னே நீங்களே "பொரளை!" என்று சொல்லிவிடுங்கள். கேள்விக்கு முன் பதில் வந்துவிட்டால் அது கேள்வியே அல்ல, சகுனப் பிழையும் இல்லை. இதை மூன்று நாள் இரவு செபத்துக்குப் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். பல்கலைக்கழகத்தில் இதற்குப் புள்ளி தரமாட்டார்கள், நீங்கள் வந்தால் அதுவே போதும். என் பெயரைக் கூப்பிடும்போது நான் மேடைக்கு நடக்க வேண்டும், அப்பா. நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் முகம் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் நான் நடந்துவிடுவேன். இல்லாவிட்டால் குடைக்காரப் பெரியவரைத் தேட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு என் அன்பு முத்தங்கள். ஹவ்வா உம்மா வேலியடியில் நின்றால், நான் கொழும்பில் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் உரத்துச் சொல்லுங்கள். கன்று போட்ட சிவலைப் பசுவுக்கும் என் விசாரிப்பு. தேவமாதா உங்களை எந்தக் கேள்வியும் படாமல் காப்பாராக. உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,

உங்கள் கீழ்ப்படிவுள்ள மகள்
தே. இமக்குலேற்

பிற்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால்.

அப்பா, மேலே எழுதியதில் ஒன்றும் இனித் தேவையில்லை. முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது மதர் என்னைக் கூப்பிட்டார். கீழே வந்தால் விருந்தினர் அறையில் நீங்கள் இருக்கிறீர்கள், மடியில் தயிர்ச் சட்டி. "என்னப்பா, விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இரிக்கே?" என்றேன். "அதுக்குத்தான் மகள். பன்னிரண்டு தரம் கிறுகித் திரும்பிப் போனாலும் வந்து சேந்திரலாம் எண்டு கணக்குப் பாத்து வெளிக்கிட்டன்" என்றீர்கள். "எத்தின தரம் கிறுகினீங்க?" "ஒருதரமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, சால்வையை விலக்கிக் காட்டினீர்கள். சட்டையில் இரண்டு ஊசி குத்தி ஒரு அட்டை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்ரோபர் மாஸ்டரின் முத்து முத்தான எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும்:

"எனது மகள் பட்டம் பெறுகிறாள். நான் பொரளைக்குப் போகிறேன். தயவுசெய்து எங்கே என்று கேட்க வேண்டாம்."

மட்டக்களப்பிலிருந்து இதைக் குத்திக்கொண்டே வந்திருக்கிறீர்கள். கொண்டக்டர் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டானாம், முன் ஆசனத்தில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர் எழும்பி இடம் தந்தாராம், கையில் கறுப்புக் குடை வைத்திருந்தாராம். பழைய தேத்தண்ணிக் கடைக்காரர் உங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, தட்டில் ஒரே ஒரு வடையை வைத்துக் கொண்டுவந்தாராம். மதர்கூட ஏதோ கேட்க வாயெடுத்து, அட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டதை நானே கண்டேன். அம்மா பன்னிரண்டாம் திகதி மாஸ்டரோடு வருகிறாராம். அதுவரை நீங்கள் அபூசாலி காக்காவின் கடை மாடியில். எல்லாம் நீங்களே ஒழுங்கு செய்துவிட்டீர்கள்.

பிறகு ஒன்று சொன்னீர்கள். "எங்க எண்டு ஒருத்தரும் கேக்கல்ல மகள். என்ன பாடம் எண்டுதான் பஸ்ஸில எல்லாரும் கேட்டாங்க. எனக்குத் தெரியல்ல. பெரிய படிப்பு எண்டு சொல்லிப்போட்டன். சரிதானே?"

தயிருக்குக் கிண்ணம் எடுத்து வருகிறேன் என்று மேலே வந்து இதை எழுதுகிறேன். விழாவுக்கு அட்டையைக் கழற்றிவிட்டு வரும்படி உங்களிடம் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வெட்கம், எழுதிக் கையில் கொடுத்துவிடுவோம் என்றுதான் வந்தேன். எழுத வரவில்லை. அட்டையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது, கீழே வரும்போது பேனாவையும் கொண்டுவருகிறேன். பாடம் தாவரவியல், அப்பா. பயிர் பச்சையைப் பற்றியது. நீங்கள் கேட்டிருந்தால் முதலாம் வருடமே சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருக்கத் தேவையில்லை.

பதினான்காம் திகதி அதைக் குத்திக்கொண்டே வாருங்கள். பஸ்ஸில் நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். இறங்கும் இடம் வந்ததும் சத்தமாகச் சொல்ல வேண்டியது மட்டும் நீங்கள்.